வாறுகாலும் ஊருணியும்

திருச்சுழி என்னும் ஸ்தலத்திற்கு அப்பெயர் வந்ததற்குப் புராணக் காரணம் ஒன்று உண்டு. ஊழிப் பெருவெள்ளம் சூழ்ந்த காலத்தில், அடியார்களுக்கு இரங்கிய சிவபெருமான் தமது சூலத்தால் பூமியைத் துளைத்தாராம். வெள்ளமெல்லாம் அத்துளையில் சுழித்து உள்ளே இறங்கிவிட்டதாம். பாண்டி நாட்டில் முதன்முதல் வடிகால் அமைத்த எஞ்சினீயர் சிவபெருமானே என்று சொன்னால் பக்தர்கள் நம்மைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம். இக்கதையில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. பெருமான் வெள்ளத்தை அடுத்த ஊரின் தலையில் தள்ளிவிடவில்லை. வந்த இடத்திலேயே பூமிக்குள் இறக்கினார்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் உட்கார்ந்துகொண்டு வெள்ளத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். வருஷத்துக்குச் சுமார் 800 மில்லி மீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். குண்டாற்றில் தண்ணீரைப் பார்க்கும் நாட்களைக் காட்டிலும் மணலைப் பார்க்கும் நாட்களே அதிகம். ஆயினும், வெள்ளத்தை எதிர்பாராத சீமைக்குத்தான் வெள்ளத்தினால் அதிகச் சேதம். 2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில், நமக்குத் தெற்கேயுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் மழை பெய்தது. நமது ஒரு வருஷத்து மழையைவிட அதிகம்! தூத்துக்குடி நகரத்துத் தெருக்கள் ஏரிகளாயின. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் வண்டி ஒன்று நூற்றுக்கணக்கான பிரயாணிகளுடன் நகர வழியின்றி நின்றது. அந்த மழை முழுவதும் சற்று வடக்கே தள்ளி விழுந்திருந்தால் நமது கதி என்ன?

பள்ளிப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் ஒரு சென்டி மீட்டர் மழை என்பது சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். நூறு ஏக்கர் பரப்புள்ள நகரப் பகுதியில் ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டி மீட்டர் பெய்தால் 2 கோடி லிட்டர். மொட்டை மாடியும் சிமெண்டுத் தெருவும் நிறைந்த இடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்காவது ஓடிவரும். ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள வாறுகாலில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தண்ணீர் ஓடினால், மணிக்கு 36 லட்சம் லிட்டர்தான் போகும். ஆகவே அத்தகைய வாறுகால்கள் நான்கு வேண்டும். அவற்றில் குப்பையும் மண்ணும் ஒரு கூடைகூட இருக்கக் கூடாது! நமது தெருக்களில் உள்ள முழங்கால் ஆழ வாறுகால்களை நினைத்துப் பார்க்கும் வாசகர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை.

பெரிய நகரங்களும் இந்தக் கணக்கில் தவறியதுண்டு. பம்பாயின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லி மீட்டர் மழைக்கென்று கட்டப்பட்டவை. 2005-ம் வருஷம் ஜூலை 26-ந் தேதி அந்நகரின் சாந்தாகுரூஸ் பகுதியில் பெய்த மழையோ 944 மில்லி மீட்டர். வடிகாலைப் பெரிதாக்குவது அவசியமே. ஆனால் எந்த வடிகாலும் எல்லா மழைக்கும் போதாது. ஆகையால் மிஞ்சும் தண்ணீர் தங்கிச் செல்ல இடம் வேண்டும்.

அந்த இடத்தை நமது முன்னோர்கள் வெட்டியே வைத்திருக்கிறார்கள். கரிசல் மண் நனைந்ததும் உப்பி, தண்ணீரைச் சுலபத்தில் உள்ளே விடாது. குழி தோண்டினால் மட்டும் போதாது, தேக்கவும் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். வரத்துக்காலில் வந்து கண்மாய் நிரம்பும். நிரம்பியது கலுங்கின் வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். ஊருக்குள்ளே குடிதண்ணீருக்கு ஊருணி. வெள்ளத் தடுப்பும் பஞ்ச நிவாரணமும் ஒரே ஏற்பாட்டில் அடங்கியிருந்தன.

இன்று நடப்பது என்ன? வரத்துக்காலைச் சீமைக் கருவேல் அடைக்கிறது. அது விட்ட இடத்தை மனைப் பிரிவுகள் அடைக்கின்றன. பல ஊர்களில் மழைத் தண்ணீர் ஓடவேண்டிய வாறுகாலில் சாக்கடை ஓடி, கண்மாயில் சேர்கிறது. ஒரு பக்கம் நமது மழையைச் சாக்கடையோடு கலந்து கெடுக்கிறோம். மறுபக்கம் வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் பல மைல் தூரம் குழாய் போட்டுக் குடிதண்ணீர் கொண்டுவருகிறோம். குடத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டு அடுத்த வீட்டில் கடன் கேட்கும் குடித்தனம் உருப்படுமா?

அந்நிய சர்க்கார் 1858-ல் குடிமராமத்துக்குச் சட்டம் போட்டுக் குடிகளைக் கட்டாயப்படுத்திற்று. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, ஜமீன் கண்மாய்கள் பொதுச் சொத்தாயின. 2007-ல் ஏரி, கண்மாய் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் சட்டம் பிறந்தது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை, கண்மாய் நம்முடையது என்ற எண்ணத்துக்குத்தான் பஞ்சம். காந்தி மகான் தமது நிர்மாணத் திட்டத்தில் கிராம சுகாதாரத்துக்கும் இடம் கொடுத்தார். சுயராஜ்யம் என்பது டில்லியில் கொடி ஏற்றுவதோடு நின்றுவிடுவதில்லை என்பதே அதன் பொருள்.

வடிகாலுக்குத் திட்டம் போடும் நகரசபைகளும் பஞ்சாயத்துக்களும் மூன்று காரியங்களை முதலில் செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, எந்தத் தெருவின் தண்ணீர் எந்த வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகவேண்டும் என்று மட்டம் பார்த்துப் படம் வரைந்து, யாவரும் காணும்படி வைக்கவேண்டும். இரண்டாவது, சாக்கடைக்கு வேறு வழி செய்து, மழை வாறுகாலைத் தனிப்படுத்தவேண்டும். மூன்றாவது, புரட்டாசி முடிவதற்குள் வாறுகாலையும் வரத்துக்காலையும் தூர் வாரி, எடுத்த மண்ணைக் கரையிலேயே குவித்து மறுபடி உள்ளே விழ விடாமல் அப்புறப்படுத்தவேண்டும். ஜனங்களாகிய நாமும் சும்மா இருப்பதற்கில்லை. 2003-ல் சட்டத்துக்குப் பயந்து வீட்டுக்கு வீடு அமைத்த மழைநீர்த் தொட்டிகளில் மண் மூடிக் கிடப்பவற்றைத் திறந்து பார்ப்பதற்கு எந்த அதிகாரியின் உத்தரவும் தேவையில்லை. ஐப்பசி பிறந்த பிறகு மனுப் போட்டுப் பிரயோஜனமில்லை. மழை நமது மனுவைப் படித்துவிட்டுப் பெய்வதில்லை.