ரத்தம் சொல்லுமா நுரையீரல் ரகசியம்?



பைக் பிரியர்களுக்கு ஈவல் நீவலைத் தெரிஞ்சிருக்கும். 1967-ம் வருடக் கடைசி நாளில், லாஸ் வேகாஸ் சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலின் நீரூற்றை பைக்கிலேயே தாண்டப் போய், விழுந்து, எலும்புகளை நொறுக்கிக்கொண்ட சாகசக்காரர். அதிலிருந்தும் எழுந்து வந்து மறுபடி பைக் ஏறிய மனுஷன், கடைசி வருடங்களில் மூச்சுவிடத் திணறினார். காரணம், நுரையீரலில் விழுந்த தழும்பு! 2007 நவம்பரில், 69 வயதில் இறந்துபோனார்.

அதென்ன நுரையீரலில் தழும்பு?

முட்டியில் அடிபட்டு ஆறின இடத்தைத் தடவிப் பாருங்க. தடிப்பா, இறுக்கமா இருக்கும். அதே தழும்பு நுரையீரலின் காற்றுப் பைகளைச் சுற்றி விழுந்தால், நுரையீரல் சரியா விரியாது. ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் போகிற வழியும் தடித்துவிடும். இதுதான் பல்மோனரி ஃபைப்ரோசிஸ். சிலிக்கா தூசி, கல்நார், புறா எச்சம், முடக்குவாதம்னு காரணங்கள் பல. காரணமே தெரியாமல் வருகிற வகைக்குப் பெயர் ஐ.பி.எஃப். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும்.

2014-ல் அமெரிக்கா அனுமதித்த பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ஆகிய மருந்துகள் தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும். ஆனால், ஏற்கெனவே விழுந்த தழும்பை அழிக்காது. ஸோ, எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நுரையீரல் மிச்சம்!

சிக்கலே அங்கேதான். வறட்டு இருமல், மாடி ஏறினா மூச்சிரைப்பு. இதைப் பார்த்து 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவோம். இல்லைன்னா ஆஸ்துமா, டி.பி. என்று வைத்தியம் நடக்கும். உறுதிசெய்ய சி.டி. ஸ்கேன் வேண்டும். அதிலும் சந்தேகம் தீராவிட்டால், நுரையீரலில் சின்னத் துண்டை வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மூச்சு வாங்குபவருக்கு அது ரிஸ்க். 'ஒரு சிரிஞ்ச் ரத்தத்திலேயே தெரிஞ்சுட்டா?' என்று விஞ்ஞானிகள் தேடுவது இதனால்தான்.

ஜப்பான் காட்டிய வழி

ஜப்பான் மருத்துவமனைகளில் 1999-லிருந்தே கே.எல்-6 என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. காற்றுப் பைகளின் உட்சுவர் செல்கள் அடிபட்டு, தங்களைப் புதுப்பிக்கப் போராடும்போது இந்தப் புரதம் அதிகமாகி ரத்தத்தில் கசியும். ஒரு மில்லிலிட்டருக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அங்கே டாக்டர்கள் உஷார்! எஸ்.பி-டி, எம்.எம்.பி-7 என்று இன்னும் சில புரதங்களும் லிஸ்ட்டில் உண்டு.

'அப்புறம் என்ன, எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்துடலாமே!' என்கிறீர்களா? அவசரப்படாதீங்க. 'ஐ.பி.எஃப்-ஐ மற்ற நுரையீரல் தழும்பு நோய்களிடமிருந்து பிரித்துக் காட்ட இந்தப் பரிசோதனைகளை நம்ப வேண்டாம்' என்கிறது 2018-ல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டி. ஏன்னா, கே.எல்-6 அந்த நோய்களிலும் ஏறும். சில புற்றுநோய்களிலும் ஏறும். ஹாஸ்டல்ல ஃப்யூஸ் போனா எங்கேயோ கோளாறுன்னு தெரியும். எந்த ரூம்ல திருட்டுத்தனமா ஹீட்டர் போட்டாங்கன்னு ஃப்யூஸ் சொல்லாதே!

ஒரு குட்டிக் கணக்கு

10,000 பேரில் 10 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் 90 சதவிகிதம் கரெக்ட். நோயுள்ள 10 பேரில் 9 பேர் மாட்டுவார்கள். சூப்பர்! ஆனால், நோயில்லாத 9,990 பேரில் 10 சதவிகிதம், அதாவது 999 பேரும் மாட்டுவார்கள். 'பாசிட்டிவ்' வந்த 1,008 பேரில் நிஜ நோயாளி 9 பேர்தான்! ஊருக்கே எடுத்தால் பீதிதான் மிஞ்சும். ஏற்கெனவே சந்தேகம் உள்ளவருக்கு எடுத்தால், ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்க உதவும்.

இன்னொரு மேட்டர். 2017-ல் வெளியான இந்தியப் பதிவேட்டில், இந்த மாதிரி நுரையீரல் நோயுள்ள 1,084 பேரில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு இருந்தது, சுவாசிக்கும் பொருளால் வருகிற ஒவ்வாமை வகை. அவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். 'வீட்டுல கூலர் இருக்கா? புறா வருதா?' என்று டாக்டர் கேட்கும் கேள்விக்கும் ரத்தப் பரிசோதனை அளவுக்கு மதிப்பு உண்டு பாஸ்!

உங்க வீட்டுத் தாத்தா வாரக்கணக்கில் வறட்டு இருமலோடு மூச்சிரைக்கிறாரா? நெட்டைப் பார்த்து நீங்களே டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுக்காதீங்க. நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப் போங்க. முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்தால், உங்க பேக்கின் வெல்க்ரோவைப் பிரிக்கிற மாதிரி 'சர்ர்ர்' சத்தம் கேட்கிறதா என்று அவர் பார்ப்பார். நோயின் முதல் துப்பு பல நேரம் அந்தச் சத்தம்தான்!