மணலை இறுக்கும் 3 வழிகள்: ஃபவுண்டரி புகைக்குத் தீர்வு கையிலேயே இருக்கிறதா?

வீட்டு மோட்டார் பம்பின் இரும்பு உடல், கார் எஞ்சின் பிளாக், லாரியின் பிரேக் டிரம் எல்லாமே மணலில் பிறந்தவைதான். மணலை அச்சாக இறுக்கி, உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைத்து எடுப்பார்கள். கோவை ஃபவுண்டரிகளில் இது அன்றாட வேலை. அந்த மணலை எதைக் கொண்டு ஒட்ட வைப்பது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல. பக்கத்தில் நிற்பவர் எதைச் சுவாசிக்கிறார் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது.

ரெசினில் என்ன சிக்கல்?

ஃபியூரான், பீனாலிக் ரெசின்கள் கரிமப் பொருட்கள். சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் இரும்பு பட்டதும் அவை எரிந்து சிதைகின்றன. பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்றவை புகையில் கலக்கின்றன. இரண்டுமே மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

கனிம பைண்டரான சோடியம் சிலிகேட்டில் எரிவதற்குக் கரிமம் இல்லை. சூட்டில் வெளியேறுவது பெரும்பாலும் நீராவிதான்.

எப்படி இறுகுகிறது?

* கார்பன் டை ஆக்சைடு: 1950களிலிருந்து பரவிய முறை. மணலுக்குள் வாயுவைச் செலுத்தினால் சிலிகா ஜெல் உருவாகி, சில நொடிகளில் அச்சு இறுகும்.
* எஸ்டர்: திரவ எஸ்டரை மணலோடு கலந்துவிட்டால் தானாக இறுகும். நேரம் கூடும், ஆனால் குறைந்த சிலிகேட் போதும்.
* சூடு: சூடான கோர் பாக்ஸில் வெந்காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றுவது. ஜெர்மனியின் லாண்ட்ஸ்ஹூட் நகரிலுள்ள பி.எம்.டபிள்யூ ஆலை, அலுமினிய வார்ப்புக்கான கோர்களைக் கனிம பைண்டரில்தான் செய்கிறது.

அப்போ ஏன் எல்லாரும் மாறவில்லை?

காரணம் இருக்கு. இரும்பின் சூட்டில் சிலிகேட் கண்ணாடிபோல உருகி மணலோடு ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு சுத்தியலால் அடித்தாலும் கோர் லேசில் உதிராது. உதிரட்டும் என்று சர்க்கரை கலப்பவர்களும் உண்டு. மணலில் சோடா தங்கிவிடுவதால் மறுபயன்பாடும் கஷ்டம். சூட்டில் உலர்த்திய கோர்கள் மழைக்கால ஈரத்தை இழுத்து வலு இழக்கும்.

ஆனால், இதில் பாதிச் சிக்கல் பழக்கத்தால் வருவது. ‘இறுகாமப் போயிடுமோ’ என்ற பயத்தில் பைண்டரையும் கூட்டி, வாயுவையும் நீண்ட நேரம் விடுகிறார்கள். பைண்டர் கூடினால் கோர் உதிராது. வாயு கூடினால் சோடியம் பைகார்பனேட் உருவாகி, வைத்திருக்கும்போதே அச்சின் வலு குறையும். வாயு அளவு காட்டும் ஒரு ஃப்ளோ மீட்டர், ஒரு டைமர், முறையான பயிற்சி ஆகியவையே முதல் தேவை. அடுத்தபடியாக, பெரிய இரும்பு அச்சுகளுக்கு எஸ்டர் முறைக்கு மாறலாம். சூட்டு முறை அலுமினிய ஆலைகளுக்கே அதிகம் பொருந்தும்.

செலவு யாருடையது?

சிறு ஃபவுண்டரிகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடினாலும் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும் என்ற நிலையில், யார் புதுசா முயற்சி பண்ணுவார்? ‘பசுமை’ பேசும் வாகன, பம்பு நிறுவனங்கள் வார்ப்பு விலையில் அதற்கும் இடம் தர வேண்டும். பயன்படுத்திய மணலைச் சுத்திகரிக்கப் பொது மையங்கள் அமைக்க அரசு கைகொடுக்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பைண்டர் மாறினாலும் மணல் தூசு மாறாது. சிலிகோசிஸ் தரும் அந்தத் தூசுக்கு உறிஞ்சும் கருவியும் நல்ல முகக்கவசமும் அப்போதும் வேண்டும். புகை குறைந்தது என்று அந்தச் செலவைக் குறைத்தால், தொழிலாளியின் நுரையீரலுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.