ஒரு மொழி, இரு வாழ்த்து

புதுச்சேரிக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று, பிரெஞ்சுப் போர்வீரர் நினைவிடத்தில் இரு நாட்டுப்பண்கள் ஒலிக்கின்றன. ஒன்று நம்முடையது, மற்றொன்று, 1954 நவம்பர் 1 வரை இந்நகரை ஆண்ட பிரான்சினுடையது.

அந்தப் பிரெஞ்சுப் பண், 1792இல் ரூஜே த லீல் என்னும் படை அதிகாரியால் போர்வீரர்களுக்காக இயற்றப்பட்டது. மார்செய் நகரத் தொண்டர்கள் அதனைப் பாடிக்கொண்டே பாரிசுக்குள் நுழைந்தனர். அதன் பெயரும் அவர்களால் வந்ததே. 1795இல் நாட்டுப்பண்ணானது, முடியாட்சியில் தன் இடத்தை இழந்தது, 1879இல் மீண்டும் பெற்றது. நம் நாட்டுப்பண்ணும் 1911இல் கல்கத்தா காங்கிரசு மாநாட்டில் முதன்முதலாகப் பாடப்பட்டு, 1950 ஜனவரி 24 அன்றுதான் ஏற்கப்பட்டது. இயற்றிய நாளுக்கும் ஏற்ற நாளுக்கும் இடையே ஒரு பாடலைச் சுமந்து வருபவை மக்களின் நாவுகளே.

மொழி வாழ்த்தும் அவ்வாறே. 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தின் வாழ்த்துப் பாடலை, சில அடிகளை நீக்கித் தமிழ்நாடு அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. புதுச்சேரி அரசு விழாக்களிலோ பாரதிதாசனின் பாடல் ஒலிக்கிறது. நாடகம் வெளிவந்த அதே ஆண்டில் பிறந்தவர் அவர்.

ஒரு மொழிக்கு இரு வாழ்த்து எதற்கு என்று சிலர் வினவுவதுண்டு. அவ்வினா எனக்கு உடன்பாடன்று. பிரெஞ்சுக் கொடி பறந்த மண்ணில், அரசுப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவர் பாரதிதாசன். ஆட்சிமொழி வேறாக இருந்த ஊர், தன் தமிழாசிரியரின் குரலையே வாழ்த்தாகக் கொண்டதில் பிழையென்ன? எல்லை பார்ப்பதாயின், தமிழ்நாட்டின் வாழ்த்தை யாத்த சுந்தரனாரும் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் பேராசிரியராக விளங்கியவரே!

என் கவலை வேறு. விழா தொடங்கியதும் ஒலிபெருக்கியில் பதிவு ஓடுகிறது, எழுந்து நிற்கிறோம், உதடுகள் அசைவதில்லை. எந்தப் பாடல் என்பதைவிட, அதனை யார் பாடுகிறார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 2021இல் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த தமிழ்நாடு அரசின் ஆணையும், பதிவை ஒலிக்கச் செய்வதைவிட வாயாரப் பாடுவதையே வலியுறுத்தியது. பாட வேண்டிய நேரமோ 55 நொடிகள்தாம்.

ஒருநாள் வகுப்பில், ஒலிபெருக்கியின் துணையின்றி வாழ்த்தைப் பாடுமாறு மாணவர்களைக் கேட்டுக்கொண்டேன். முதலடி முழங்கிற்று. மூன்றாம் அடியில் குரல்கள் மெலிந்தன. அவற்றுள் என் குரலும் ஒன்று.