ரீசெட் பட்டன் இன்ஜினியர்கள்

வீட்ல நெட் வேலை செய்யலைன்னா முதல்ல யாரைக் கூப்பிடுவாங்க? உங்களைத்தான். நீங்க சிவிலா மெக்கானிக்கலான்னு யாரும் பார்க்க மாட்டாங்க. "இன்ஜினியரிங் படிக்கிறான்ல, அவன் பார்த்துக்குவான்." நான் படிக்கிறதோ கம்ப்யூட்டர் சயின்ஸ். எனக்குத் தப்பிக்க வழியே இல்லை.

அப்பாவுக்குக் கோவையில கணபதிப் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கு. நாலு மெஷின், ஜாப் ஒர்க். போன செமஸ்டர்ல ஒரு வெள்ளிக்கிழமை பழைய கேபிள் கனெக்‌ஷனை எடுத்துட்டு ஃபைபர் போட்டாங்க. கூடவே புது ரவுட்டரும் வந்தது. ராத்திரி நான் ஊருக்குப் போய் இறங்கினதும் அப்பா சொன்னார்: "கண்ணு, மெயில் எல்லாம் வருது. ஆனா இங்கிருந்து போக மாட்டேங்குது."

இந்தப் பிரச்சினைக்குப் பாதி விடை அந்த ஒரே வாக்கியத்துல இருந்தது. நான்தான் காதுல வாங்கலை.

மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு கம்பெனிக்குக் கொட்டேஷன் போகணும். பதிவு பண்ணின மெயில் ஐடியிலிருந்து வந்தாதான் அவங்க பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் ஏத்துக்கும். ஜிமெயில்ல இருந்து அனுப்ப முடியாது. பட்டறை மெயிலோட பாஸ்வேர்டும் யாருக்கும் தெரியாது. என்னைக்கோ ஒரு கடைக்காரர் அவுட்லுக்ல போட்டுக் கொடுத்துட்டுப் போனது, இன்னைக்கு வெறும் நட்சத்திரமாத்தான் தெரியுது. கொட்டேஷன் அவுட்பாக்ஸ்லயே உட்கார்ந்திருந்தது.

நான் என்ன பண்ணேன்? நீங்க என்ன பண்ணுவீங்களோ அதைத்தான். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணேன். ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணேன். போன் ஹாட்ஸ்பாட்ல போட்டுப் பார்த்தேன், அதுலயும் போகலை. கடைசியா ஒரு குண்டூசி எடுத்து, ரவுட்டர் பின்னாடி இருக்கிற சின்ன ஓட்டைக்குள்ள விட்டுப் பத்து செகண்ட் அழுத்தினேன். ஃபேக்டரி ரீசெட்.

அவ்வளவுதான். லைன்காரர் ரவுட்டர்ல போட்டு வச்சிருந்த யூசர் நேம், பாஸ்வேர்ட், செட்டிங் எல்லாம் அழிஞ்சு போச்சு. அதுவரைக்கும் மெயில் மட்டும்தான் போகலை. அதுக்கப்புறம் நெட்டே இல்லை. போன் பண்ணா, "திங்கக்கிழமை வர்றேங்க"ன்னார். அஞ்சு மணி தாண்டிடுச்சு. ஆர்டர் வேற பட்டறைக்குப் போயிடுச்சு. அப்பா திட்டலை. "விடு கண்ணு, அடுத்தது பார்த்துக்கலாம்"னார். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் அந்த எரர் மெசேஜை முழுசா படிச்சேன். வெளிச்செல்லும் சர்வரோடு இணைய முடியவில்லைன்னு தெளிவா எழுதியிருந்தது. பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லலை, நெட் இல்லைன்னும் சொல்லலை. செட்டிங்ஸைத் திறந்து பார்த்தா, வெளிச்செல்லும் போர்ட் 25.

"எஸ்எம்டிபி எந்தப் போர்ட்டில் இயங்குகிறது?" "25." இந்த ரெண்டு மார்க்கை நான் பரீட்சையில வாங்கியிருக்கேன். நீங்களும் வாங்கியிருப்பீங்க. அந்த 25 மூடியிருந்தா என்ன ஆகும்னு யாரும் நம்மைக் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். எஸ்எம்டிபி 1982ல் எழுதப்பட்டபோது, அனுப்புகிறவர் யார் என்று சரிபார்க்கும் வசதி அதில் இல்லை. பிற்பாடு வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் போர்ட் 25 வழியாக நேரடியாகக் குப்பை மெயில்களைக் கொட்ட ஆரம்பித்தன. அதனால் பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அந்தக் கதவையே சாத்திவிட்டன. சர்வருக்கும் சர்வருக்கும் நடுவில் 25. நம்மைப் போன்றவர்கள் மெயில் மென்பொருளிலிருந்து லாகின் செய்து அனுப்ப 587. 1998லேயே இப்படிப் பிரித்து எழுதிவிட்டார்கள். முதலிலிருந்தே என்கிரிப்ட் ஆகிப் போகும் 465ஐ 2018ல் வந்த ஆவணம் பரிந்துரைக்கிறது.

பழைய கேபிள் கனெக்‌ஷன்ல 25 திறந்திருந்தது, புதுசுல மூடியிருந்தது. என் போன் நெட்லயும் மூடியிருந்தது. அதான் ஹாட்ஸ்பாட்லயும் போகலை. பாவம், ரவுட்டர் எந்தத் தப்பும் பண்ணலை. மெயிலை உள்ள கொண்டு வர்ற போர்ட் வேற, அது திறந்திருந்தது. பிரவுசர் போற 443ம் திறந்திருந்தது. அதனாலதான் "யூடியூப் ஓடுதே, அப்போ நெட் நல்லாத்தான் இருக்கு"ன்னு நம்பி ஏமாந்தோம்.

ஹாட்ஸ்பாட்லயே டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கமாண்ட் போட்டேன். 25க்குப் பதில் இல்லை, 587க்கு உடனே பதில் வந்தது. போர்ட்டை 587 ஆக்கினேன், என்கிரிப்ஷனை ஸ்டார்ட்டிஎல்எஸ் ஆக்கினேன், வெளிச்செல்லும் சர்வருக்கு லாகின் தேவைங்கிற கட்டத்துல டிக் போட்டேன். உள்வரும் மெயிலோட அதே பாஸ்வேர்டைப் பயன்படுத்துங்கிற வசதியும் அங்கேயே இருந்தது. மொத்தம் மூணு நிமிஷம். அவுட்பாக்ஸ் காலியாச்சு. கொட்டேஷனும் போச்சு, ஒரு நாள் லேட்டா. திங்கக்கிழமை லைன்காரர் வந்து நெட்டைச் சரி பண்ணினதும் மறுபடி டெஸ்ட் பண்ணேன். அதே ரிசல்ட்தான்.

இது எஸ்எம்டிபி பாடம் இல்லைங்க. நம்ம பழக்கத்தைப் பத்தின புகார். ரீஸ்டார்ட், ரீசெட், ஃபார்மேட்: நமக்குத் தெரிஞ்ச மூணு மந்திரம் இதுதான். ரீஸ்டார்ட்டால பெரிசா எதுவும் அழியாது, சில நேரம் உதவவும் செய்யும். ரீசெட் அப்படி இல்லை. அது செட்டிங்கை அழிக்கும், அதோட தப்பு எங்கே இருந்ததுங்கிற தடயத்தையும் அழிக்கும். எல்லாத்தையும் அழிச்ச பிறகு தானா சரியானாலும், ஏன் சரியாச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. அதுக்குப் பேர் இன்ஜினியரிங் இல்லை.

"இப்ப யாரு ப்ரோ அவுட்லுக் எல்லாம்? எல்லாம் பிரவுசர்தானே"ன்னு நீங்க கேட்கலாம். உங்க தெரு ஆடிட்டர் ஆபீஸை ஒருமுறை எட்டிப் பாருங்க. சொந்த டொமைன்ல மெயில் வச்சிருக்கிற சின்னச் சின்னக் கம்பெனிகளைப் பாருங்க. பழைய செட்டிங் இன்னும் ஓடிட்டிருக்கிற இடங்கள் நிறைய இருக்கு. நம்ம அறிவு முதல்ல தேவைப்படுறதும் அங்கதான்.

அதனால அடுத்த தடவை யாராவது கூப்பிட்டா, ஊசியை எடுக்கிறதுக்கு முன்னாடி நாலு காரியம் பண்ணுங்க. எது வேலை செய்யுதுன்னு கேளுங்க. மெயில் உள்ள வருதுன்னா ஒயர், வைஃபை, ரவுட்டர் எல்லாம் அநேகமா நல்லா இருக்கு. எரரைக் கடைசி எழுத்து வரைக்கும் படிங்க. இணைய முடியலைங்கிறது ஒரு வியாதி, பாஸ்வேர்ட் தப்புங்கிறது இன்னொண்ணு. பழைய செட்டிங்கைப் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க.

நம்ம டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு வேண்டுகோள். நெட்ஒர்க்ஸ் லேப்ல நமக்குக் கிடைக்கிறது எப்பவும் சரியா ஓடுற நெட்ஒர்க். அவுட்புட் வரும், ரெக்கார்ட்ல ஒட்டுவோம், கையெழுத்து வாங்குவோம். செமஸ்டருக்கு ஒரு தடவையாவது வேணும்னே உடைச்ச நெட்ஒர்க்கைக் கொடுங்க. எங்கே உடைஞ்சிருக்கு, எப்படிக் கண்டுபிடிச்சோம்னு ரெக்கார்ட்ல எழுதச் சொல்லுங்க. மார்க் அதுக்குக் கொடுங்க.

அப்பா பட்டறையில ஒரு மெஷின் சத்தம் மாறினா, அவர் உடனே கழட்ட மாட்டார். பக்கத்துல நின்னு கொஞ்ச நேரம் கேட்பார். அவர் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கார்.