மூன்று மாதத்துக்கு யார் பணம் தருவது?

கேஸ் லைட்டரை அழுத்தினால் 'டிக்' என்று பொறி பறக்கிறது. அதற்குள் பேட்டரி கிடையாது. உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பீங்கான் துண்டின் மேல் அடி விழ, அந்த அழுத்தமே மின்சாரமாக மாறுகிறது. பீசோ மின் விளைவு என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். 1880இல் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்தது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் கருவியின் முனையிலும் இந்தப் பொருள்தான் இருக்கிறது. இன்று அதிகம் பயன்படும் வகையில் ஈயம் கலந்திருக்கிறது. அதனால் ஈயமில்லாத மாற்றைத் தேடிப் பல நாடுகளில் ஆய்வு நடக்கிறது.

தேவாரம் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து போன ஒரு மாணவியும் இதைத்தான் ஆராய்கிறார். அம்மா விடியுமுன் ஜீப் ஏறிக் கேரள ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். மகள் பேரியம் டைட்டனேட் தூளை அரைத்து, வில்லையாக அழுத்தி, 1200 டிகிரிக்கு மேல் உலையில் சுட்டு எடுக்கிறார். சுட்ட வில்லையை அழுத்தினால் எவ்வளவு மின்னூட்டம் வருகிறது என்று அளக்கும் கருவி அவர் படிக்கும் இடத்தில் இல்லை. வெளியூருக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், "மூன்று மாதம் என் ஆய்வகத்துக்கு வந்து செய்துகொள்ளுங்கள்" என்று கடிதம் அனுப்பினார். விமானச் சீட்டு, விசா, காப்பீடு, வாடகை எல்லாம் சொந்தச் செலவு. அந்தக் கடிதம் தேதி முடிந்து காலாவதியானது. அதே துறையில் படிக்கும் இன்னொரு மாணவர், மாமா பணம் கட்ட, போய்விட்டு வந்தார். அவர்மேல் நமக்குக் கோபமில்லை. நம் பிள்ளைக்கு அப்படி ஒரு மாமா இல்லை.

அரசுத் திட்டங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதை நாம் மனதார வரவேற்கிறோம். ஆனால் இரண்டுமே வெளிநாட்டில் முழுப் பட்டம் படிக்கிறவர்களுக்கானவை. இங்கேயே முனைவர் பட்டம் செய்துகொண்டு, மூன்று மாதம் மட்டும் வெளி ஆய்வகத்துக்குப் போக வேண்டியவருக்கு இவற்றில் வழியில்லை. முழுநேர ஆய்வாளருக்கு மாநில அரசு தரும் ஊக்கத்தொகை ஆண்டுக்கு 1 லட்சம். அது இங்கே விடுதிக்கும் வேதிப்பொருளுக்குமே சரியாகப் போகும். (ஒன்றிய அரசின் அந்த 115 இடங்களுக்குத் தலித் கிறிஸ்தவப் பிள்ளைகள் விண்ணப்பிக்கவே முடியாது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இன்றும் குறுக்கே நிற்கிறது.)

அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை, தன் நாட்டு மாணவர்களைப் பிற நாட்டு ஆய்வகங்களுக்குச் சில வாரம், சில மாதம் அனுப்புவதற்கென்றே தனித் திட்டம் வகுத்துப் பணம் கொடுத்து வந்திருக்கிறது. பணக்கார நாடே தன் பிள்ளைகளிடம் சொந்தக் காசில் போய் வா என்று சொல்லவில்லை.

இருக்கிற திட்டத்திலும் பணம் வந்து சேருவது தனிக்கதை. 2025 ஜூலையில் ஒன்றிய அரசின் உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் தரப்பட்டது. மீதி 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அதற்காக வகுப்பைத் தள்ளிவைக்குமா? அம்பேத்கருக்கே இது நடந்தது. 1913இல் பரோடா மன்னரின் உதவியால் நியூயார்க் போனார். பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்துவிட, 1917இல் பாதியில் திரும்பினார். சேமிப்பு, நண்பரிடம் கடன், கோலாப்பூர் சாகு மகாராஜின் உதவி என்று திரட்டி 1920இல்தான் மறுபடி கப்பல் ஏற முடிந்தது.

பொட்டிப்புரம் மலையைக் குடைந்து சுமார் 1,500 கோடியில் நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நாம் எதிர்த்தோம். மலையையும் தண்ணீரையும் நினைத்து எதிர்த்தோமே தவிர, அறிவியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போது நம்மை அறிவியல் தெரியாதவர்கள் என்று பேசியவர்கள், இந்த மாணவியின் விமானச் சீட்டுக்கும் கொஞ்சம் பேசலாம்.

நாம் கேட்பது பெரிய தொகை அல்ல. நம் கணக்கில், ஒருவருக்கு ஓராண்டுக்கு ஒதுக்கும் 36 லட்சத்தில் மூன்று மாதப் பயணமாக ஏழெட்டு ஆய்வாளர்களை அனுப்பலாம். அயலகத் திட்டத்திலேயே குறுகிய கால ஆய்வுப் பயணம் என்று ஒரு பிரிவு வேண்டும். அழைப்புக் கடிதம் வந்த ஒரு மாதத்துக்குள் முன்பணம் தர வேண்டும். செலவு செய்துவிட்டு ரசீது கொடு என்று சொல்லக் கூடாது. ஏலத்தோட்டக் கூலியில் முன்கூட்டிச் செலவு செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை.

இதை ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்க இருக்கிறோம். இதேபோல் அழைப்பு வந்தும் போக முடியாமல் நின்றவர்கள், அந்தக் கடிதத்தின் நகலோடு நம்முடன் வாருங்கள். பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் இப்போதே எடுத்து வையுங்கள்.