புதிய ஐபேட்டும் பழைய தடையும்

வெள்ளவத்தை காலி வீதியிலுள்ள கைத்தொலைபேசிக் கடைகளில், அடுத்து வரப்போகும் ஐபேட் எப்படியிருக்கும் என்ற பேச்சுத்தான். கனடாவிலிருந்து வருபவரிடம் சொல்லிவிட்டால் வந்துவிடும். (பழையது நன்றாகவே வேலை செய்கிறது என்பது வேறு கதை.) எனக்கோ, அதிலுள்ள செயலிகள் அவசரத்துக்கு உதவுமா என்பதே கேள்வி.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அன்றே பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. வதந்தியைத் தடுக்கவாம். உயிரோடிருப்பவர் யாரென்று அறிய இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உறவுகள் தவித்த நேரம் அது. போரில் சிதறிய குடும்பங்களுக்கு வைபர் பொழுதுபோக்கல்ல; எல்லோரும் கூடுகிற வீட்டு விறாந்தை அதுதான்.

2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும் இதே தடை. 2022 ஏப்ரல் 3 இல் போராட்டத்துக்குப் பயந்து சில மணிநேரம். ஒவ்வொரு முறையும் வி.பி.என் செயலியைத் தரவிறக்கத் தெரிந்த இளசுகள் தப்பிக்கொண்டார்கள். வதந்தி பரப்புகிறவனுக்கும் அது தெரியும். அகப்பட்டது அம்மம்மாக்கள்தான். 2024 இல் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, இணையப் பக்கங்களை முடக்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது.

அன்று செயலிகள் அடங்கிக் கிடந்தபோதும் சாதாரண தொலைபேசி அழைப்பு வேலை செய்தது. ஆனால் இலக்கம் யாருக்கு மனப்பாடம்? என் அம்மா அதன்பிறகு பிள்ளைகளின் வெளிநாட்டு இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி, சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.