மீண்டவர் நீட்டும் கரம்

'குடி குடியைக் கெடுக்கும்' என்னும் வாசகத்தை நாம் சிறு வயது முதல் சுவர்களில் படித்து வருகிறோம். வராக நதி பாயும் நம் ஜெயமங்கலத்தில், நாளெல்லாம் சேற்றில் நின்று நாற்று நடும் தாயின் கூலி சில வீடுகளில் மாலையில் எங்கே போகிறது என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் குடியை விட்டு மீண்டவரைப் பற்றி நாம் பேசுகிறோமா? அவர் திருந்திப் பல ஆண்டுகள் ஆனாலும், 'குடிகாரன் வீடு' என்ற பெயர் மட்டும் மாறுவதில்லை. அவர் நல்லது சொன்னால், "இவரா புத்தி சொல்வது?" என்று சிரிக்கிறோம்.

இது சரியன்று. புத்தி சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்?

1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வியாபார நிமித்தம் வந்தார் பில் வில்சன். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் கைகூடவில்லை. மனம் மதுவை நாடியது. தம்மைப் போன்ற இன்னொருவருக்கு உதவினால்தான் தாம் தப்ப முடியும் என்று உணர்ந்து, குடிக்கு அடிமையாயிருந்த டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். அச்சந்திப்பில் பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம். அதில் சேரக் கட்டணம் இல்லை; குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே போதும்.

மீண்ட டாக்டர் பாப் சும்மா இருந்தாரா? இல்லை. 1939 முதல் அந்நகரின் புனித தோமா கத்தோலிக்க மருத்துவமனையில், அருட்சகோதரி இக்னேஷியாவின் துணையோடு, 1950-இல் இறக்கும் வரை ஏறத்தாழ 5,000 பேருக்கு ஊதியம் பெறாமல் சிகிச்சை அளித்தார்.

குடியால் பட்ட துயரைத் தொண்டாக மாற்றியவர் நம் தமிழகத்திலும் உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த திருமதி சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் அவர் பெயரால் சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1992-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

மீண்டவரிடம் அப்படி என்ன சிறப்பு? "என் கஷ்டம் உனக்கென்ன தெரியும்?" என்று குடிப்பவர் மனைவியிடம் கேட்கலாம், மருத்துவரிடமும் கேட்கலாம். மீண்டவரிடம் கேட்க முடியாது. மேலும், பிறருக்குக் கைகொடுக்கும்போது அவரது உறுதியும் வலுப்படுகிறது. "அவரே மறுபடி விழுந்துவிட்டால்?" என்பார் சிலர். விழலாம், அதனால்தான் அவருக்கு இத்தொண்டு தேவை.

ஆனால் ஒன்று: நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். ஆகவே முதலில் மருத்துவமனை. பிறகு மீண்டவரின் தோழமை. இரண்டும் வேண்டும்.

தோழியரே! மது ஒழிக என்று முழங்கினால் மட்டும் போதாது. மீண்டவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேச நம் ஊரில் ஓர் இடம் கேட்போம். அவர்தம் பிள்ளைகளைப் பழைய பெயரால் அழைக்காதிருப்போம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும்.